முன்வரிசையில் சிரித்தவர்

பட்டிமன்ற மேடையில் ஏழு நாற்காலிகள் போடுவார்கள். நடுவில் இருப்பது நடுவருக்கு. அது மட்டும் சாய்ந்து உட்காரும் பெரிய நாற்காலி. பெரும்பாலும் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து இரவலாக வந்த மணமக்கள் சோபா. அதற்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, எல்லாம் பிளாஸ்டிக். நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குக் கிடைத்தது கடைசி நாற்காலிதான். அதை இன்னும் ஒரு சாண் தள்ளினால் மேடையிலிருந்து கீழே விழ வேண்டியதுதான். பெண் பேச்சாளரைக் கடைசியில் பேச விட்டால் கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருக்கும் என்று காரணம் சொல்வார்கள். அது பாராட்டா அல்லது வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாமகிரிப்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தமிழ் எடுக்கிறேன். சனி, ஞாயிறுகளிலும் திருவிழாக் காலங்களிலும் பட்டிமன்றம் பேசப் போவேன். என் வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருக்கிறார். ஒலிபெருக்கியைக் கட்டுவது அவர், அதில் கத்துவது நான் என்று ஊரில் கேலி செய்வார்கள். கேலியில் பொய் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்த நடு நாற்காலியில் உட்கார வேண்டும். கௌரவத்துக்காக மட்டும் இல்லை. இந்தத் தொழிலில் பேச்சாளரை யாரும் நேராக அழைப்பதில்லை. நடுவரை அழைப்பார்கள், அவர் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு போவார். அவருக்கு என்மேல் ஏதாவது வருத்தம் என்றால் அந்த மாதம் முழுக்க நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். நடுவர் ஆகிவிட்டால் மேடையே தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். பள்ளி மணிக்கு ஓட வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பெண் நடுவர்கள் மிகவும் குறைவு. அதனால்தான் ஆசை இன்னும் கூடியது.

எல்லோர் கையிலும் கேமரா போன் வந்த பிறகு விழாக் கமிட்டிக்காரர்கள் தங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் மேடைப் படங்களைப் போட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊர்க்காரர்கள் யாரைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்வார்கள். பேச்சை யாரும் கேட்பதில்லை. படத்தைப் பார்க்கிறார்கள். ஒருநாள் ஒரு மாரியம்மன் பண்டிகைப் பட்டிமன்றத்தின் படத்தைத் தேடிப் பார்த்தேன். அந்தச் செயலி எல்லாப் படத்தையும் சதுரமாக வெட்டிக்கொள்ளும். நடுவர் நடுவில் ஜம்மென்று இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் இருந்தார்கள். கடைசி நாற்காலிகள் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. நான் பச்சை வளையல் போட்ட ஒரு முன்கையாக மட்டும் இருந்தேன். அதன் கீழே ஒருவர், 'அருமையான பேச்சாளர்கள்' என்று எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கினேன்.

முதல் படம் அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். போட்டோக்காரர் என் கையில் தடிமனான ஒரு புத்தகத்தைக் கொடுத்து, ஒரு விரலை நெற்றியோரம் வைக்கச் சொல்லி, தூரத்தில் எதையோ யோசிப்பதுபோலப் பார்க்கச் சொன்னார். அங்கே ஏசி மெஷின்தான் இருந்தது, அதையே யோசித்தேன். படம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. அதைப் பார்த்து இரண்டு பேர் அழைத்தார்கள். ஒருவர் தன் மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழுக்கு டியூசன் கேட்டார். இன்னொருவர், "ஜாதகம் பொருத்தம் பாப்பீங்களாங்க?" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது நிஜம். ஆனால் அதைவிட அதிகமாக ஓர் ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஒரு படத்தைப் பார்த்தவர் மனதில் என்ன ஓடுகிறது? அன்றிலிருந்து யார் அழைத்தாலும், வணக்கத்துக்கு அடுத்தபடியாக, "எந்தப் படத்தப் பாத்துட்டுக் கூப்புடறீங்க?" என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. சிலர் சிரிப்பார்கள். சிலர் எதற்குக் கேட்கிறேன் என்று பயந்து போனை வைத்துவிடுவார்கள்.

அடுத்து மைக் முன்னால் நின்று பேசும் படங்கள். என் வீட்டுக்காரர் மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்தே எடுப்பார். பேசுகிற வாய் படத்தில் எவ்வளவு கோரமாக இருக்கும் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. 'ஆ' என்று சொல்லும்போது எடுத்த படத்தில் கொட்டாவி விடுகிறேன். 'ஊ' என்று சொல்லும்போது சீட்டி அடிக்கிறேன். விரலை உயர்த்தினால் யாரையோ வீட்டைவிட்டுத் துரத்துகிறேன். கண்ணாடி முன் நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். 'ஈ' ஒன்றுதான் தேறியது. 'ஈ' வரும்போது எடுங்கள் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

"நீ எப்ப ஈன்னு சொல்லுவீன்னு போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தா கை மரத்துப்போகுது புள்ள" என்றார் திரும்பி வரும்போது. "ஒரு மணி நேரத்துல நாலே நாலு ஈ. அதுல ரெண்டு கண்ண மூடிக்கிட்ட."

இப்படியே ஒன்றரை வருடம் போனது. அழைப்பு என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை.

அப்புறம் ஒரு பொங்கல் விழா. நாமகிரிப்பேட்டையிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு சிற்றூர். பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். வீட்டில் அமைதி நிலவக் காரணம் பேசுகிறவரா, பேசாமல் இருக்கிறவரா என்று தலைப்பு. நான் பேசுகிறவர் கட்சி. நான் பேசிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் கை தவறியோ என்னவோ போனை என் பக்கம் திருப்பாமல் கூட்டத்தின் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்துவிட்டார். அதில் நான் ஓரத்தில் மங்கலாக ஒரு முந்தானை மட்டும்தான். முன்வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்க மூடி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கத்தில் இருந்தவரின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டு சிரிக்கிறார். வலது பக்கம் இரண்டு பல் இல்லை. சத்தம் படத்திலேயே கேட்டது.

படத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனிதரை நான் இப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. 'என் பேச்சுக்குக் கிடைத்த பரிசு' என்று எழுதி என் பக்கத்தில் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே புரியவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அந்தப் படத்தைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ராசிபுரத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் அழைத்தார்கள். எந்தப் படம் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "அந்தம்மா சிரிக்கறாங்களே, அந்தப் பட்டிமன்றந்தானுங்களே?" என்று அவர்களே ஆரம்பித்தார்கள். பேசுகிறவளின் முகத்தை ஒன்றரை வருடமாகக் காட்டியும் வராத கூட்டம், கேட்கிறவரின் முகத்தைக் காட்டியதும் வந்தது. அதன் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இனி என்னை எடுக்க வேண்டாம், முன்வரிசையை மட்டும் எடுங்கள் என்று. அவருக்கும் கைவலி மிச்சம்.

ஆனால் ஒரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அந்த அம்மா சிரித்தபோது நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பேச்சை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. அன்று சொன்ன நகைச்சுவைகளை எல்லாம் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆத்தூரில் முதலாவதைச் சொல்லிவிட்டு முன்வரிசையையே பார்த்தேன். சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு இல்லை. திருச்செங்கோட்டில் இரண்டாவது. சிரித்தார்கள், அது இல்லை. மூன்றாவதை இரண்டு ஊர்களில் சொன்னேன். ஒரு ஊரில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அந்தச் சிரிப்பை வரவழைத்த வாக்கியம் என்னிடம்தான் இருக்கிறது, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்பதுபோல ஒரு தவிப்பு.

ஆனி மாதத்தில் ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு கமிட்டிக்காரர் அழைத்தார். ஆடிப் பதினெட்டுக்குப் படுகை அணைக்கட்டில் காவிரியைப் பார்க்க வருகிற கூட்டத்துக்குச் சாயங்காலம் பட்டிமன்றம் வைக்கிறார்களாம்.

"நீங்களே நடுவரா வந்துருங்க" என்றார். "உங்க ஆளுங்களையும் நீங்களே கூட்டிக்கிட்டு வந்துருங்க. அந்தச் சிரிக்கற போட்டோவப் பெருசாப் போட்டு பிளக்ஸ் அடிக்கறமுங்க. அணைக்கட்டுக்குப் போற வழியில வெச்சோமுன்னா நோம்பிக்கு வர்ற சனம் பூராவும் இவத்தாலதான் வந்து உக்காரும்."

மூன்று தடவை சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்ப இனி சோபாவுக்கு மேல மைக்கக் கட்டோணுமா?" என்று கேட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாகப் போண்டா வாங்கி வந்தார். இந்த ஒன்று நல்லபடியாக முடிந்தால் நாலு கமிட்டிக்காரர்கள் பார்ப்பார்கள். அடுத்த கல்வியாண்டில் பள்ளியை விட்டுவிடலாம் என்று மனதுக்குள் நாள் குறித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

பத்து நாள் கழித்து இன்னோர் அழைப்பு. நிதானமான குரல்.

"பட்டிமன்றம் பேசற அம்மணிங்களா?"

"ஆமாங்க. எந்தப் படத்தப் பாத்துட்டுங்க?"

"சிரிக்கற படந்தானுங்க. அதுல இருக்கறவுங்க எங்க அண்ணிங்க." என்றார். "அந்தப் பொங்கலுக்கு எங்கண்ணன் தவறி மூணு மாசங்கூட ஆவலீங்க. இப்பத்தான் படம் எங்க சொந்தத்துக்குள்ள சுத்துது. ஒரு கல்யாண ஊட்டுல நாலு பேரு முன்னால வெச்சே கேக்கறாங்க. புருசன் போன ஈரம் காயல, அதுக்குள்ள எப்பிடி வாயப் பொளந்து சிரிக்கறா பாருன்னு. அந்தப் படத்த எடுத்துப்போடுங்க."

உடனே படத்தை எடுத்துப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. கைகளில் வளையல் இல்லை. ஆறு மாதமாக அந்தப் படத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஓர் ஊர்ப் பெண் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான். நான் வாயை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. முதலில் வந்தது கோபம். ஊர் நடுவில் நடந்த விழா, நானா அவரைச் சிரிக்கச் சொன்னேன், சிரித்தால் படத்தில் விழத்தானே செய்யும் என்றெல்லாம் மனதுக்குள் ஒரு பட்டிமன்றமே நடத்தினேன். எல்லாக் கட்சியிலும் நானே பேசினேன். நேரில் வந்து பேசுகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"படத்த எடுத்துப்போட்டுட்டுப் போனீனா மன்னிப்புக் கேக்கப் போற" என்றார் என் வீட்டுக்காரர். "எடுக்காமப் போனீனா வேற எதுக்கோ போற."

சரியாகத்தான் சொன்னார். நான் படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, பக்குவமாகப் பேசி, சம்மதம் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். பேசித்தானே பிழைக்கிறேன். நான் கிளம்பிய அன்று காலையிலேயே ஜேடர்பாளையத்துக்காரர், சாயங்காலம் பிளக்ஸ் அச்சுக்குப் போகிறது, தெளிவான பிரதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. வாசலில் அந்த அம்மாவின் கொழுந்தனார், போனில் பேசியவர், உட்கார்ந்திருந்தார். வேட்டி, முண்டா பனியன், மரியாதையான மனிதர். எழுந்து நாற்காலியை எனக்குப் போட்டார். அந்த அம்மா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தார். "வாங்க சாமி" என்றபோது அந்த இரண்டு பல் இடைவெளி தெரிந்தது. எனக்கு நெடுநாள் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல இருந்தது. அவருக்கு என்னை யாரென்றே தெரியவில்லை. அன்று மேடையில் பேசியவள் நான்தான் என்று கொழுந்தனார் சொல்ல வேண்டியிருந்தது.

"படம் இவ்வளவு பிரச்சனையாகுமுன்னு நெனைக்கலீங்க" என்று ஆரம்பித்தேன்.

"நான் இன்னும் அந்தப் படத்தப் பாக்கவே இல்லீங்க" என்றார் அவர்.

"ஆருமே காட்டலீங்களா?"

"வையறவுங்க எங்கெ காட்டறாங்க. காட்டுங்கன்னு கேட்டா அதுக்கும் சேத்து வைவாங்கன்னு நானுங் கேக்கல."

போனை எடுத்துக் கொடுத்தேன். எட்டப் பிடித்துப் பார்த்தார். சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். துடைத்ததில் படம் பெரிதாகி என் மங்கலான முந்தானைக்குப் போய் நின்றது. நான் சரி செய்து கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "பல்லு போனது இத்தன தெரியுதா?" என்றார். மறுபடியும் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம் வந்த காரியத்தையாவது சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதத் தவிப்பு முந்திக்கொண்டது.

"அப்ப நான் என்னங்க சொன்னேன்? எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொழுந்தனாரைப் பார்த்தார். "நீங்க பேசுனது காதுலயே உளுகலீங்களே சாமி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்கூட்டுக்காரருக்குப் பட்டிமன்றமுன்னா உசுருங்க. எங்க நடந்தாலும் மொத ஆளாப் போயி முன்னால உக்காருவாரு. உக்காந்து அஞ்சு நிமிசத்துல தூங்கிருவாரு. கொறட்டைன்னா கொறட்ட, அப்பேர்ப்பட்ட கொறட்ட. ஒரு தடவ நடுவர் பேச்ச நிறுத்திப்போட்டு, என்னப்பா மைக்குல சத்தம் வருதுன்னு கேட்டாரு. மைக் செட்டுக்காரரு ஓடியாந்து ஒயரெல்லாம் புடுங்கிப் புடுங்கிப் பாக்கறாரு. இவுங்க முன்னால உக்காந்து கொர்ர்ருன்னு. எனக்கு எந்திரிச்சு ஓடிறலாமுன்னு ஆயிப்போச்சு."

அந்த மைக் செட்காரர் என் வீட்டுக்காரராகவே இருந்திருக்கலாம்.

"அந்தப் பொங்கலுக்கு நான் வரமாட்டேன்னுதானுங்க சொன்னேன். பக்கத்தூட்டுக்காரிதான், எத்தன நாளைக்கு ஊட்டுக்குள்ளயே கெடப்பன்னு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. நீங்க என்னமோ பேசிக்கிட்டிருக்கீங்க. எனக்கு மனசு எங்கயோ இருக்குது. திடீர்னு மைக்கு கொர்ர்ர்ருன்னு இழுத்துச்சு. அவ எங்காதுல சொன்னா, பாரு, உன்ற ஊட்டுக்காரரு வந்துட்டாருன்னு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். படத்தில் இருந்த சிரிப்பு இல்லை, அதன் வால் மாதிரி ஒன்று. "சிரிச்சு முடிச்சு அழுதேனுங்க. முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு. அத ஆரும் படம் புடிக்கல."

நான் கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் முகம் கோணிக்கொண்டு போனது. "கட்டலோட தூக்கி வெளிய வெச்சிருவமுங்க அண்ணன" என்றார். "மழைக்காலத்துல மட்டும் உள்ள உடுவோம்." சிரிக்க ஆரம்பித்து, பாதியில் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். இவ்வளவு நாளாகத் தன் அண்ணி எதற்குச் சிரித்தார் என்று அவரும் கேட்டிருக்கவில்லை. யாருமே கேட்டிருக்கவில்லை. நான் ஒருத்திதான் கேட்டேன். நானும் என் பேச்சைத் தேடிக்கொண்டுதான் கேட்டேன்.

கொழுந்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "தப்பு ஒண்ணுமில்லீங்க" என்றார். "ஆனா படம் வேண்டாமுங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு இப்ப எனக்குத் தெரியும். போன்ல பாக்கறவனுக்குத் தெரியாதில்லீங்க."

ஜேடர்பாளையத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"வருசம் திரும்பட்டும் சாமி. அப்பறம் வேணுமுன்னாப் போட்டுக்கங்க. எனக்கு இந்தப் படம் புடிச்சுத்தான் இருக்குது. ஆனா உங்க பேச்சுக்குச் சிரிச்சேன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. பொருளை மாற்றி எடுத்துப்போன ஒருவரிடம் இது எங்களுடையது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அவர்கள் முன்னாலேயே படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கினேன். ஆறு மாதம் சேர்ந்த அத்தனை பாராட்டுகளும் அதோடு போயின. அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி போட்டுக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்தே கமிட்டிக்காரரை அழைத்தேன். அந்தப் படம் வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க, அதுதானுங்க எங்களுக்கு வேணும்."

"அது எம்பேச்சுக்கு வந்த சிரிப்பு இல்லீங்க."

"எதுக்குச் சிரிச்சா என்னங்க, சிரிக்கறாங்கல்ல?"

"இல்லீங்க. அந்தப் படத்தப் போட முடியாதுங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. "சரி, உடுங்க" என்றார். "அப்ப உங்க பேச்சுக்கு நெசமாலுமே சிரிச்ச படம் ஒண்ணு அனுப்பியுடுங்க. அதப் போட்டுக்கலாம். படம் வந்தா நடுவர் நீங்கதான். அஞ்சு மணிக்குள்ள அனுப்பிருங்க."

அப்பாடா என்று இருந்தது. என் போனில் அப்படிப் படங்களுக்கா பஞ்சம்? ஆறு மாதமாக என் வீட்டுக்காரர் முன்வரிசைகளை மட்டும்தானே எடுத்துக்கொண்டிருந்தார். நிழற்குடைத் திண்டில் உட்கார்ந்து தள்ளிப் பார்க்க ஆரம்பித்தேன். ஆத்தூரில் ஒரு வரிசைப் பெண்கள் முழுக்கச் சிரிக்கிறார்கள். ஆனால் யாருடைய கண்களும் மேடையில் இல்லை, வலது பக்கம் எதையோ பார்க்கின்றன. இத்தனை நாள் அதைக் கவனிக்கவில்லை. திருச்செங்கோட்டில் ஒருவர் குலுங்கிச் சிரிக்கிறார். கையில் போன் இருக்கிறது. இன்னொரு படத்தில் இரண்டு பேர் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துச் சிரிக்கிறார்கள். ராசிபுரத்தில் ஒருவர் நேராக மேடையைத்தான் பார்க்கிறார், நன்றாகச் சிரிக்கிறார். என் பேச்சுக்கா, அல்லது எனக்கு முன்னால் பேசியவரை நினைத்தா? ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது எனக்குச் சிரித்தது என்று சத்தியம் செய்து கொடுக்க ஒரு படம்கூட இல்லை. பஸ் ஒன்று வந்து போனது. இரண்டாவதும் போனது.

என் வீட்டுக்காரரை அழைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அன்னிக்கு எர்த்து சரியா நிக்கல" என்றார், முதல் வேலையாக. "அதனாலதான் கொர்ருன்னுச்சு. இல்லாட்டி எம்மைக்கு அப்பிடிப் பண்ணாது."

"அது இருக்கட்டுமுங்க. நீங்கதான எல்லாக் கூட்டத்துக்கும் வந்திருக்கீங்க. ஆராச்சும் எம்பேச்சக் கேட்டு, அதுக்குன்னே சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? ஒருத்தரச் சொல்லுங்க. அந்தப் படத்தத் தேடி எடுத்துக்கறேன்."

"புள்ள" என்றார் மெதுவாக. "நான் மைக்கத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அழுகைதான் வந்தது. அந்த அம்மாவுக்காக என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், நாற்காலிக்காகத்தான் அழுதேன். அழுது முடித்து, அப்படி ஒரு படம் என்னிடம் இல்லைங்க என்று ஜேடர்பாளையத்துக்காரருக்கு எழுதி அனுப்பினேன். மணி ஐந்து ஆக இன்னும் இருபது நிமிடம் இருந்தது.